நகம் தடுக்கும் இடம்

ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தால் போதும். உளியை வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை, அதைக்கூடச் செய்யாமல் சும்மா இருந்த எஞ்சினைப் பிரித்துப் பரப்பிவிட்டு, இனி யார் பாடோ என்று படுத்துக்கொண்டான் பார், தாலி கட்டின அந்த ஆளைச் சொல்ல வேண்டும், வேறு யாரையும் சொல்லிப் பிரயோசனமில்லை. புதுப்பேட்டையில் சிராஜுதீன் பாய் கடை வாசலில், கவிழ்த்துப் போட்டிருந்த கியர் பாக்ஸ் மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்த தனபாக்கியத்துக்கு, மடியிலிருந்த ஒயர் கூடை கனக்கக் கனக்க ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. கூடைக்குள் நாலு ராடு, நாலு மூடி. பிஸ்டனைத் தாங்குகிற கை மாதிரி இருப்பது ராடு. அதன் அடியில் பாதி வட்டம். மீதிப் பாதி வட்டம் மூடி. இரண்டையும் சேர்த்து முடுக்கினால் கிராங்க் என்கிற சுழல் தண்டைக் கவ்வும். சேர்த்து முடுக்கி வைத்துத்தான் துளையே கடைவார்களாம், அதனால் இதன் மூடி அதற்கு ஆகாது, அதன் மூடி இதற்கு ஆகாது, மாற்றிப் போட்டாலும் பூட்டும், ஓடவும் ஓடும், திண்டிவனம் தாண்டுவதற்குள் கிராங்க்கைக் கடித்துத் தின்றுவிடும் என்று அயனாவரம் மெக்கானிக் பெஞ்சமின் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் ஊரில் உள்ள மெக்கானிக் எல்லாம் பிரிக்கும்போதே ராடில் ஒரு புள்ளி, மூடியில் ஒரு புள்ளி, அடுத்ததுக்கு ரெண்டு, அடுத்ததுக்கு மூணு என்று குத்தி வைப்பது. இந்த மகாராசன் மட்டும் குத்த மாட்டார். குத்தச் சொன்னால், "ஜெயிலுக்குப் போறவனுக்குத்தான் நம்பர் குத்துவாங்க, இரும்பு என்னா தப்பு பண்ணிச்சு" என்பார். அப்புறம் எப்படிய்யா ஞாபகம் வெச்சுக்குவே என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். எல்லாம் இங்க இருக்கு. இருந்தது. அங்கேதான் இருந்தது. தை பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அங்கேதான் ஒரு நரம்பு வெடித்தது.

உள்ளே எங்கேயோ இரும்பு விழுந்தது. தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுப்பேட்டையில் இரும்பு விழாமல் பூவா விழும், இந்தத் தெருவில் நிமிஷத்துக்கு நாலு விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் இப்படித் தூக்கிப் போட்டால் வீடு போய்ச் சேர முடியுமா. அன்றைக்கு விழுந்தது அந்த ஆள் கையிலிருந்த ஸ்பானர். வியாசர்பாடியில் அவளுடைய பழைய இரும்புக் கடையில், வாசலில் ஒரு லாரிக்காரனோடு அவள் வாய்ச்சண்டையில் இருந்தபோது பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம், இரும்பு சிமெண்ட் தரையில் துள்ளித் துள்ளி அடங்குகிற சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் இப்போதும் காதில் கேட்கிறது. தூக்க ஓடிவந்த நாலு பேர் காலில் பட்டு, சாக்கின் மேல் அந்த ஆள் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சிதறிப் போயிற்று. யாரோ புண்ணியவான் அள்ளி மண்ணெண்ணெய் வாளியில் போட்டான். அவனைத் திட்டவும் முடியாது, அவன்தான் ஆட்டோவும் பிடித்துக்கொண்டு வந்தான். சிராஜுதீன் உள்ளேயிருந்து ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். தாடியில் பாதி வெள்ளை, சட்டையில் முழுக்கக் கறுப்பு. "ஹெரால்ட் கார் சாமான் கேட்டு என் கடைக்கு வர்ற ஆளு வருஷத்துக்கு ரெண்டு பேருக்கா. ஒருத்தர் சினிமாக்காரர், இன்னொருத்தர் நீ." "சினிமாக்காரருக்குச் சொல்ற வெலைய என்கிட்ட சொன்னே, கடைய வெயிட்டுக்கு எடுத்துனு போயிடுவேன் பாய்." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தார்.

ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் போடுகிற பேரிங் என்று ஒன்றை எடுத்து வைத்தார். இருபதா என்று கேட்டாள். கிராங்க்கை லேத்தில் கொடுத்து இருபது சைஸ் குறைத்துக் கடைந்தாயிற்று, பேரிங்கும் அதே இருபது கனமாக இருக்க வேண்டும், லேத்துக்காரன் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தான். பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முப்பதுதான் இருக்கு, கிராங்க்கை இன்னும் லேசா சுரண்டிப் போட்டுக்கலாம் என்றார். சுரண்டுவதாம். தேங்காயா இது. "உன் மருமவனுக்கு சட்டை சின்னதா இருந்தா மருமவனை சுரண்டுவியா பாய்? உள்ள போய்த் தேடு." அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். இருக்கும், உள்ளே இருக்கும், இல்லாமல் எங்கே போகும், விற்காத சரக்கை முதலில் தள்ளிப் பார்ப்பது யாவாரம், அவளும் அதைத்தான் செய்வாள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆளைத் தெரியும். பதினாறு வயதில் மூலக்கொத்தளம் குப்பைமேட்டில் காந்தக்கல்லைக் கயிற்றில் கட்டி இழுத்து ஆணி பொறுக்க ஆரம்பித்தவள், இரும்பு பொய் சொல்லி ஒருநாளும் பார்த்ததில்லை, இரும்பை விற்கிறவன் உண்மை சொல்லியும் பார்த்ததில்லை. அந்தக் காந்தம் இன்னமும் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருக்கிறது. பெட்டியில் கிடந்த புஷ் ஒன்றை, ராடின் மேல்முனையில் போடுகிற சின்ன வளையம், மஞ்சள் மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்ததை, பாய் அசல் கன்மெட்டல், காந்தம் தீண்டாத வெண்கலச் சாதி என்று சொல்லிவிட்டுப் போனதை, எடுத்து வைத்துக் காந்தத்தைக் காட்டினாள். டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. கன்மெட்டலாம். இரும்புக்கு மஞ்சள் பூசிக் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறான். இதைப் பார்க்க அந்த ஆள் இருந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார், அவ்வளவுதான். கத்துவதெல்லாம் இவள் டிபார்ட்மென்ட். முப்பத்தைந்து வருஷமாக ஒரு வீட்டில் ரெண்டு பேருக்குமான சத்தத்தை ஒருத்தியே போட்டுக்கொண்டிருக்கிறாள், தொண்டை என்ன தகரமா. பேசுகிற காலத்திலேயே பேசாத ஆள். இப்போது கேட்கவே வேண்டாம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, இருந்த கொஞ்சநஞ்சம் பேச்சும் போய் ஒரே ஒரு வார்த்தை மிச்சம். அதான். தண்ணீர் வேண்டுமா, அதான். வலிக்கிறதா, அதான். நான் யார் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டதற்கும் அதான், இவங்க யாரு என்று இவளைக் காட்டிக் கேட்டதற்கும் அதான். எதுய்யா. எது அதான்.

இன்று காலைகூட அதே கூத்து. நகம் வெட்ட உட்கார்ந்தாள். வலது கை செத்த மீன் மாதிரி மடியில் கிடந்தது, ஐந்தையும் வெட்டியாயிற்று. இடது கையில் நாலு. பெருவிரலுக்கு வந்ததும் விரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டார். பிரித்தாள். மறுபடி மூடினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே ரகளை, அந்த ஒரு நகம் மட்டும் மண்வெட்டி மாதிரி வளர்ந்து கிடக்கிறது, சோறு ஊட்டினால் தட்டிவிடுகிறபோது இவள் கன்னத்தையே ஒருநாள் கிழித்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குப் பரவாயில்லை, ஒரு மிட்டாய் கொடுத்து வெட்டிவிடலாம். "இன்னாத்துக்குய்யா இந்தப் பேய் நகம், கொண்டா" என்று பிடித்து இழுத்தாள். அந்த ஆள் கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அதான், அதான், அதான் என்று கத்தினார். நகவெட்டியை விட்டெறிந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். எறிந்த நகவெட்டி எங்கே போய் விழுந்ததோ, அதையும் போய்த் தேட வேண்டும். எல்லாவற்றையும் அவளே தேட வேண்டும்.

போன் அடித்தது. மகள் சுகந்தி, அம்பத்தூரிலிருந்து. "அம்மா, வாங்கிட்டியா? பெஞ்சமின் மாமா கேட்டாரு. தனித்தனியா வாங்காத, முழு செட்டா வாங்கிடு, ராடு, மூடி, எல்லாம் ஒரே எஞ்சின்ல கழட்டினதா. பழசு வேலைக்காவாது." "அது உங்கப்பன் தேச்சுத் தேச்சு வெச்சதுடி." "தெரியும்மா. ஆனா அவரால இனிமே..." அங்கேயே நின்றது. இனிமே. டாக்டரும் அங்கேதான் நிறுத்தினார். பெஞ்சமினும் கூடையைக் கிளறிப் பார்த்து, அளவு பார்க்கிற கருவியையெல்லாம் வைத்துப் பார்த்து, எல்லாம் எல்லாத்துக்கும் போற மாதிரி இருக்கு, எதுவும் எதுக்கும் போவல, கழட்டின கைக்குத்தான் தெரியும், ஆனா இனிமே, என்று சொல்லி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். ஒருத்தனாவது அந்த வாக்கியத்தை முடிக்கிறானா. வெலையைச் சொல்லாமல் சரக்கைக் காட்டுகிற யாவாரி மாதிரி, இனிமே, இனிமே என்று பாதியில் நீட்டினால் இவள் மீதியைச் சொல்லிப் படிய வேண்டுமாம். இவள் சொல்ல மாட்டாள். முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான், அது பேரத்தின் சட்டம். "வெயில்ல நிக்கிறேன், வை" என்று போனை வைத்தாள். நிழலில்தான் உட்கார்ந்திருந்தாள். கத்திரி வெயில் எதிர்ச் சுவரில் தொங்குகிற சைலன்சர்களின் மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. கிரீஸும் பழைய பெட்ரோலும் டீக்கடையின் கொதித்த பாலும் கலந்த ஒரு வாசனை. அந்த ஆளின் தலையணை வாசனை. இப்போது தலையணையில் டெட்டால் அடிக்கிறது. கூடையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினாள். உள்ளே இரும்பு ஒன்றையொன்று இடித்து முனகியது.

இந்த வண்டியே வேண்டாம் என்றுதான் சொன்னாள். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவை இடித்தபோது ஷெட்டோடு சேர்த்து எடைக்குப் பேசி வாங்கியது, பாசி பிடித்த நீல ஹெரால்ட், உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மூன்று சக்கர வண்டியில் கட்டி இழுத்து வந்து, கேஸ் கட்டரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கத் திரும்பினாள், அதற்குள் அந்த ஆள் வந்து முன் மூடியைத் தூக்கிவிட்டார். ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுசும் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி எழும்பும்; எழும்பினால் முன் டயர் வெளியே தெரியும், அதன் மேலேயே முக்காலி மாதிரி உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இருபது வயசில் மவுண்ட் ரோட்டில் ஒரு ஷெட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம், அந்தக் காலத்து மெட்ராஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹெரால்டாம், அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். "இதை வெட்டணும்னா என்னையும் சேத்து வெட்டு" என்றார் கடைசியில். "உன்னை வெட்டினா கிலோவுக்கு இன்னாய்யா தேறும்" என்று கேட்டாள். கட்டர்காரன் விழுந்து விழுந்து சிரித்தான், அந்த ஆளும் சிரித்தார், அதோடு கட்டர் அணைந்தது. அதற்கப்புறம் ரெண்டு வருஷம். சாயங்காலம் ஆனால் அந்த டயர், அந்த முதுகு. ஓடட்டும், உன்னை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறேன் என்றார். யார் கேட்டது. மகாபலிபுரத்துக்கு பஸ் இல்லையா. கல்லைப் பார்க்க இரும்பில் போக வேண்டுமா. ஆனால் கேட்டுக்கொண்டாள், கேட்டு உள்ளே எங்கேயோ போட்டு வைத்துக்கொண்டாள், அதுதான் இப்போது அறுக்கிறது. இப்போது அந்த ஆளைத் தினமும் நாற்காலியில் தூக்கி வைத்து ஷெட்டில் அந்த வண்டிக்கு எதிரே விடுகிறார்கள், வண்டி எஞ்சின் இல்லாத வாயைத் திறந்துகொண்டு அவரைப் பார்க்கிறது, அவர் கோணிய வாயோடு அதைப் பார்க்கிறார், இரண்டையும் பார்த்துக்கொண்டு இவள் தராசடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது ஓட வைத்துத் தொலைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. பெஞ்சமின் ஓட வைக்கட்டும். முன் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு போய்க் கல்லைக் காட்டிவிட்டு வந்துவிடலாம்.

"இந்தாக்கா, கெடச்சுது, இருபது" என்று பேரிங்கைக் கொடுத்துவிட்டு, சாக்கில் சுற்றியிருந்த இன்னொன்றையும் பாய் அவள் எதிரே தரையில் விரித்தார். முழு செட். நாலு ராடு, நாலு மூடி, எல்லாம் பூட்டினபடி, ஒவ்வொன்றிலும் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று புள்ளி, அரிசி மாதிரி தெளிவாக. யாரோ ஒழுங்கான ஆள் பிரித்தது. பெற்றவள் நல்லா வளர்த்திருக்கிறாள். "சினிமாக்காரருக்கு வெச்சிருந்தது. உனக்காவ குடுக்கறேன். உன் பழசைக் குடுத்துடு, எடைக்கு வரவு வெச்சுக்கறேன்." புதுப்பேட்டை வழக்கம் அதுதான், பழசைப் போட்டுத்தான் புதுசை எடுப்பது, சாயங்காலத்துக்குள் அந்தப் பழசு எந்த மூட்டையில் எந்த உலைக்குப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். அவள் கூடையின் காதைப் பிடித்தாள். எத்தனையோ பேர் தாலிக்கொடி மாதிரிப் பொத்திக்கொண்டு வந்த தையல் மெஷினை, தண்ணீர் மோட்டாரை, செத்துப்போனவர் சைக்கிளை எல்லாம் அவள் தராசில் தூக்கி வைத்து, இரும்புதானம்மா என்று சொல்லியிருக்கிறாள். இரும்புதான். இரும்புதானே. கொடுத்துவிட வேண்டியதுதான். "மூடி மாறியிருக்காதுன்னு இன்னா நிச்சயம்" என்று கேட்டாள், கேட்க வேண்டுமே என்பதற்காக, ஒன்றும் கேட்காமல் வாங்கினால் நாளைக்கு இந்தத் தெருவில் அவளுக்கு என்ன மரியாதை. "சந்தேகமா? தோ பாரு." பாய் ஒரு ராடைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ராடும் மூடியும் சேருகிற கோட்டின் மேல், குறுக்கே, இடது கைப் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். "நகம் தடுக்குதா? தடுக்கல. வழுக்கினு போவுது. இதான் ஜோடி. வேற மூடின்னா அந்த எடத்துல நகம் நின்னுடும். கருவி ஏமாத்தும்க்கா, நகம் ஏமாத்தாது. வலது கைல ஸ்பானர் இருக்குமா, அதான் இடது கை நகத்தை வளத்து வெச்சுக்குவோம். உங்க வூட்டுக்காரரும் வெச்சிருப்பாரே."

தனபாக்கியம் அந்த நகத்தையே பார்த்தாள். தெருவில் எங்கேயோ இரும்பு விழுந்தது, அவள் திடுக்கிடவில்லை. மூடின கை, உள்ளே மடக்கின பெருவிரல். அதான், அதான், அதான். காலையில் அந்தக் கண்ணில் இருந்தது பிடிவாதமில்லை, அது, அடப்பாவி, தராசுக்காரன் ஏமாற்றுகிறபோது பொருளைக் கொண்டுவந்தவன் கண்ணில் இருக்குமே, அது. தை, மாசி, பங்குனி, இதோ சித்திரை. சோறு அள்ளத் தெரியாத ஆள், ஒன்றுக்குப் போனால் சொல்லத் தெரியாத ஆள், ஒரு நகத்தை மட்டும் காபந்து பண்ணி வைத்திருக்கிறார். வாரா வாரம் இவள் நகவெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள், வாரா வாரம் அந்த ஆள் ஒற்றைக் கையோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார், இவளும் என்னவோ பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. டயரைப் பார்த்துக்கொண்டு அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்தாள். "இன்னாக்கா," பாய் பயந்துவிட்டார், இருபது வருஷப் பழக்கத்தில் அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை, "வெல ஜாஸ்தியா? கொறச்சுக்கலாம், சொல்லேன்." அவள் கூடையிலிருந்து ஒரு ராடையும் ஒரு மூடியையும் எடுத்தாள். பொருத்தினாள். தன் பெருவிரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். அவள் நகத்தை இரும்பு எப்போதோ தின்றுவிட்டது, சதைதான் இருக்கிறது, சதைக்கு ஒன்றும் தெரியவில்லை. பாயிடம் நீட்டினாள். அவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார், வேறு மூடியை வைத்துப் பார்த்தார், மறுபடி முதல் மூடி, உதட்டைப் பிதுக்கினார். "தேச்சு வெச்சிருக்காருக்கா மனுஷன், கண்ணாடி மாதிரி. எனக்கு எல்லாம் ஒண்ணா இருக்கு. இது அவரு வெச்சது, அவரு வெரலுக்குத்தான் புரியும். ஆனா அவரு இனிமே..." "இனிமே இன்னா பாய்?" என்று கேட்டாள். "சொல்லு. பாதில வுடாத. இனிமே இன்னா?" அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் சரி. முதலில் வாயை மூடினவனும் தோற்றவன்தான், அதுவும் பேரத்தின் சட்டம்.

செட்டைச் சாக்கில் சுற்றி அவர் பக்கம் தள்ளினாள். சினிமாக்காரருக்கே கொடு என்றாள். பேரிங்கை எடுத்துக்கொண்டாள், பிஸ்டன் ரிங் எடுத்துக்கொண்டாள், புஷ்ஷைக் காந்தத்தோடு தூக்கி அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டி, உன் கன்மெட்டலுக்குக் காந்தத்து மேல காதல் வந்திருக்கு பாரு என்றாள். பாய், சரக்கு கலந்துடுச்சுக்கா என்று அசடு வழிந்து உள்ளே போய் நல்லதாகவே நாலு கொண்டுவந்தார். மஞ்சள் பூசினதைக் காட்டின பாவத்துக்குக் கொசுறாக ஒரு உளி கேட்டாள். புள்ளி குத்துகிற உளி. "அதுவா, இன்னாத்துக்கு?" "வூட்ல ஒரு கைதி இருக்கான்." கூடையைத் தூக்கினாள். இரும்பு இடித்தது. அதே எடைதான், ஒரு கிராம் ஏறவில்லை, குறையவில்லை. கூவத்துப் பக்கமிருந்து வந்த நாற்றக் காற்றில் ஆட்டோ தேடி நடந்தபோது உள்ளே ஒரு குரல், உன் ஆசைக்கு ஒரு நகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய், அந்த விரலும் மறந்து போயிருந்தால், எட்டையும் கொட்டினால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அப்புறம் பாயிடம் திரும்பி வந்தால் அந்த செட் இருக்குமா. அந்தக் குரலை வாசலிலேயே நிறுத்தி, எந்தச் சரக்குக்கும் சொல்கிற முதல் விலையைச் சொன்னாள், வேண்டாம் போ. உள்ளே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது, வீடு வரைக்கும் பொறுக்காது. யோவ். கேக்குதா. ஒரு புள்ளி குத்தாம பிரிச்சுப் போட்டு என்னை ஊர்ல ஒவ்வொருத்தன் வாசல்லயும் கூடையோட உக்கார வெச்சவனே. இன்னிக்கி சாயங்காலம் உன்னை நாற்காலில உக்கார வெக்க மாட்டேன், டயர் மேல உக்கார வெக்கிறேன். சாஞ்சா சாஞ்சுக்க, வலப் பக்கம் நான் நிக்கிறேன், உன் வலது கை எங்கிட்ட இருக்கு. எட்டையும் உன் மடில கொட்டுவேன். என் மூஞ்சியப் பாக்காத, இரும்பைப் பாரு. நகத்தை வெட்ட மாட்டேன், சத்தியமா வெட்ட மாட்டேன், வெச்சு இழு. தடுக்குற மூடியத் தூக்கிப் போடு, தடுக்காத எடத்துல நிறுத்து, நிறுத்தி அதான்னு சொல்லு, அதுக்குத்தானே அந்த ஒரு வார்த்தைய வெச்சிருக்கே. நீ அதான்னு சொன்ன எடத்துல நான் புள்ளி குத்தறேன். நாலு தடவை சொன்னா போதும். பிரிச்சது நீ. சேத்து வை.